சாம்பார் ஒண்ணுதான், பிரஷர் மட்டும் ஏன் எனக்கு? உப்பு, ஜீன், கிட்னி: கேள்வி-பதில்

கேள்வி: வீட்ல எல்லாருக்கும் ஒரே சாம்பார், ஒரே ஊறுகாய். அவருக்கு பிரஷர் 120/80, எனக்கு மட்டும் மாத்திரை. ஏன் டாக்டர்?

நாக்குக்கு ஒரே சாம்பார்தாங்க, கிட்னிக்கு அப்படி இல்ல. கிட்னி தினமும் சுமாரா 180 லிட்டர் வடிகட்டுது, அதுல ஒன்றரை கிலோ கிட்ட உப்பு இருக்கும், 99 சதவீதத்துக்கு மேல திரும்ப உள்ள இழுத்துக்கிட்டு மிச்சத்தைத்தான் யூரின்ல விடுது. இழுக்குற புரோட்டீன் எவ்வளவு, எப்படின்னு சொல்றது ஜீன். உங்க கிட்னி கொஞ்சம் கஞ்சம்னு வச்சுக்கோங்க, பிரஷரை ஏத்தினாத்தான் அதால உப்பை வெளிய தள்ள முடியும். இது ஒரு ஜீன் வேலை இல்ல, நிறைய ஜீன் சேர்ந்து துளித்துளியா பண்றது, வயசும் கூட சேர்ந்துக்கும்.

அமெரிக்கால லூயிஸ் டால்னு ஒருத்தர் 1960கள்ல உப்பு போட்டா பிரஷர் எகிறுற எலி, எகிறாத எலின்னு ரெண்டு வம்சமா வளர்த்தார். பின்னாடி கிட்னியை மாத்தி வச்சுப் பாத்தா, எந்த வம்சத்தோட கிட்னியோ, அந்த வம்சத்தோட பிரஷர்தான் வந்துச்சு! எனக்கு இன்னைக்கும் ஆச்சரியம்தான்.

கேள்வி: தம்பிக்கு 22 வயசு, 160/100. பொட்டாசியமும் கம்மி. உப்பைக் குறைன்னு மட்டும் சொல்றாங்க.

இதை அப்படியே விடாதீங்க. ரெனின், ஆல்டோஸ்டிரோன்னு உப்பையும் பிரஷரையும் கட்டுப்படுத்துற ரெண்டு ஹார்மோன் இருக்கு, ரத்தத்துல ரெண்டையும் பாக்கச் சொல்லுங்க. ரெனின் கம்மியா, ஆல்டோஸ்டிரோன் மட்டும் தூக்கலா இருந்தா, அதைச் சுரக்குற அட்ரினல் சுரப்பியைப் பாக்கணும். ரெண்டுமே கம்மின்னா முதல்ல நான் கேக்குறது, அதிமதுரம் போட்ட கஷாயம் தினமும் குடிக்கிறாரா? சிரிக்காதீங்க, அதிமதுரம் அச்சு அசலா இதே மாதிரி பண்ணும். அதுவும் இல்லன்னா லிடில் சிண்ட்ரோம்னு ஒரு பரம்பரை வியாதியை யோசிக்கணும், ரொம்ப அபூர்வம்தான். கிட்னியில சோடியம் உள்ள வர்ற கதவு ஒண்ணு இருக்கு, ஜீன் கோளாறால அந்தக் கதவை செல் அப்புறப்படுத்த முடியாம அது பாட்டுக்குத் திறந்தே கிடக்கும். இதுக்கு ஆல்டோஸ்டிரோனைத் தடுக்குற ஸ்பைரனோலாக்டோன் மாத்திரை வேலைக்கு ஆகாது, அந்தக் கதவையே அடைக்கிற அமிலோரைடு மாதிரி மாத்திரைதான் கேக்கும் (நீங்களா வாங்கிப் போடாதீங்க). லிடில்ங்கிற டாக்டர் இந்த வியாதியைப் பத்தி 1963ல எழுதின குடும்பத்துல, அந்த முதல் பேஷண்டுக்குப் பல வருஷம் கழிச்சு கிட்னி செயலிழந்து வேற கிட்னி மாத்தினாங்க, பிரஷரும் பொட்டாசியமும் தானா சரியாச்சு. எலி கதையேதான்.

கேள்வி: அப்பா டயாலிசிஸ்ல இருக்கார். நான் ஜீன் டெஸ்ட் எடுக்கணுமா?

அப்பா கிட்னி எதனால போச்சுன்னு முதல்ல ஃபைலைப் பாருங்க. பெரியவங்களுக்கு வர்ற பாலிசிஸ்டிக் கிட்னின்னா (கிட்னி முழுக்க நீர்க்கட்டி வர்ற பரம்பரை வியாதி) உங்களுக்கு வர பாதிக்குப் பாதி சான்ஸ், ஸ்கேன்லயே பெரும்பாலும் தெரிஞ்சிடும். சுகர், பிரஷர்னால போச்சுன்னா டெஸ்ட்டுக்குக் காசைக் கொட்டாதீங்க, வருஷா வருஷம் பிரஷர், கிரியேட்டினின் (கிட்னி வேலையைக் காட்டுற ரத்த டெஸ்ட்), யூரின் ஆல்புமின் (யூரின்ல புரோட்டீன் கசியுதான்னு பாக்குறது) போதும்.

கேள்வி: இந்துப்புக்கு மாறிட்டேன், ஓகேவா?

இந்துப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். கலர்தான் வேற. பொட்டாசியம் கலந்த உப்பு வேற விஷயம், சீனாவுல சுமார் 21,000 பேர்கிட்ட பாத்தாங்க, 2021ல ரிசல்ட் வந்துச்சு, பக்கவாதம் நிஜமாவே குறைஞ்சுது. ஆனா கிட்னி வீக்கா இருக்கவங்க, டெல்மிசார்டான், எனலாப்ரில் மாதிரி பிரஷர் மாத்திரை போடுறவங்க டாக்டரைக் கேக்காம அதைத் தொடாதீங்க, பொட்டாசியம் ஏறினா இதயத் துடிப்புலயே கை வச்சிடும்.