வெட்டிங் என்றால் அடகு: கல்யாணச் சொற்கள் பற்றிக் கேள்வி பதில்

ஆங்கிலத்தில் கல்யாண வாக்கு, நிச்சயதார்த்தம் சம்பந்தமான பழைய சொற்களைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஆங்கில வாத்தியார் பழக்கம், சில இடங்களில் கொஞ்சம் இழுக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டீச்சர், சர்ச் கல்யாணத்தில் ‘ஐ பிலைட் தீ மை ட்ரோத்’ என்று வாக்குக் கொடுக்கும் ஒரு பழைய வரி வருகிறதே. பிலைட் என்றால் அவல நிலை அல்லவா? நல்ல நாளும் அதுவுமாக ஏன் அப்படி?

பதில்: நியாயமான சந்தேகம்தான் தம்பி. எழுத்து ஒன்றுதான், சொல் இரண்டு. அவல நிலையைச் சொல்லும் பிலைட் பிரெஞ்சு வழியாக வந்தது. வாக்குக் கொடுக்கும் பிலைட் பழைய ஆங்கிலத்தின் சொந்தச் சரக்கு. அதன் வேருக்கு ஆபத்து என்று பொருள். ஜெர்மனில் கடமையைக் குறிக்கும் ‘ஃப்லிக்ட்’ இதற்கு உறவு. ஒன்றைப் பணயம் வைத்து, தவறினால் அது போகட்டும் என்று ஒப்புக்கொள்வதுதான் பிலைட்.

பணயம் வைப்பது எதை? ட்ரோத்தை, அதாவது தன் சத்தியத்தை. ட்ரோத், ட்ரூத் இரண்டும் ஒரே சொல்லின் இரண்டு உருவங்கள். நமக்கு இதை விளக்கவே வேண்டாம். சத்தியம் என்றால் உண்மையும்தான், தலையில் அடித்துச் செய்வதும்தான். நிச்சயம் செய்வதைக் குறிக்கும் பெட்ரோத் என்ற சொல்லுக்குள் இருப்பதும் இதே ட்ரோத்.

1549ஆம் ஆண்டு இங்கிலாந்துத் திருச்சபையின் பிரார்த்தனைப் புத்தகத்தில் மாப்பிள்ளைதான் ‘பிலைட்’ என்பார். பெண் ‘கிவ்’ என்று சொன்னால் போதும். பணயம் அவருக்கு மட்டும் போலிருக்கிறது!

கேள்வி: வெட்டிங், என்கேஜ்மென்ட் இரண்டுக்கும் தொடர்பு உண்டா சார்?

பதில்: சார் இல்லை, டீச்சர். பரவாயில்லை. தொடர்பு உண்டு, அதுவும் அடகுக்கடையில். பழைய ஆங்கிலத்தில் ‘வெட்’ என்றால் ஈடாக வைக்கும் பொருள். அதே ஜெர்மானிய வேர் பிரெஞ்சுக்குள் போய் ‘கேஜ்’ ஆகித் திரும்பி வந்தது. வடக்குப் பிரெஞ்சில் அதையே ‘வ’ ஒலியோடு சொன்னார்கள், அது ‘வேஜ்’ ஆயிற்று. சம்பளமும் வேஜ்தான். என்கேஜ் என்றால் முதலில் அடகு வைப்பது, அப்புறம் வாக்குக் கொடுப்பது, அதற்கும் அப்புறம்தான் மோதிரம் மாற்றுவது. மார்ட்கேஜ் என்றால் ‘செத்த அடகு’. பணம் கட்டாவிட்டால் நிலம் அடகு வைத்தவருக்குச் செத்தது, கட்டிவிட்டால் கடன் கொடுத்தவருக்குச் செத்தது என்பது 17ஆம் நூற்றாண்டு நீதிபதி எட்வர்ட் கோக் சொன்ன விளக்கம். வீட்டுக்கடன் தவணை கட்டுகிறவர்களுக்கு மூன்றாவது விளக்கமும் தெரிந்திருக்கும்.

கேள்வி: அப்படியானால் திருமண பந்தத்தை வெட்லாக் என்கிறார்களே, அதில் இருப்பது பூட்டுத்தானே?

பதில்: இல்லை. ‘லாக்’ இங்கே ஒரு பழைய விகுதி. செய்கை என்று பொருள். பூட்டு ஜோக் அடிப்பவர்களிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள், வருத்தப்படுவார்கள்.

கேள்வி: ஸ்பௌஸ் என்று படிவங்களில் கேட்கிறார்கள். அதுவும் வாக்குச் சொல்லா?

பதில்: ஆமாம், லத்தீனில் ‘ஸ்பாண்டெரே’ என்றால் உறுதி கொடுப்பது. ரோமாபுரியில் ஒப்பந்தம் செய்ய ஒருவர் ‘ஸ்பாண்டெஸ்னே?’ என்று கேட்டு, மற்றவர் ‘ஸ்பாண்டெயோ’ என்று சொன்னாலே போதும். சம்மதமா, சம்மதம், அவ்வளவுதான். ஸ்பான்சர், ரெஸ்பாண்ட் எல்லாம் இதே குடும்பம். நிச்சயிக்கப்பட்டவரைக் குறிக்கும் ஃபியான்ஸே வேறு கிளை. நம்பிக்கையைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து வந்தது. நோட்டரியிடம் முத்திரை வாங்குகிறோமே அஃபிடவிட், அது அதற்கு ஒன்றுவிட்ட சகோதரன்.

கேள்வி: அக்கா, ஹேண்ட்ஃபாஸ்டிங் என்றால் ஒரு வருஷம் ஒரு நாள் சேர்ந்து வாழ்ந்து பார்ப்பது என்று படித்தேன். உண்மையா?

பதில்: அது பிற்காலத்தில் கிளம்பிய கதைம்மா. வரலாற்று ஆசிரியர்கள் பெரும்பாலும் ஏற்பதில்லை. ஹேண்ட்ஃபாஸ்ட் என்றால் கையைப் பிடித்து வாக்கை உறுதிசெய்வது. ‘கைப்பிடித்தவன்’ என்று நாமும் சொல்கிறோமே.

அந்தக் காலத் திருச்சபைச் சட்டத்தில் காலம் காட்டும் வினைச்சொல்தான் எல்லாம். ‘உன்னை ஏற்கிறேன்’ என்று நிகழ்காலத்தில் இருவரும் சொல்லிவிட்டால், பாதிரியாரும் சாட்சியும் இல்லாவிட்டாலும் கல்யாணம் செல்லும். ‘ஏற்பேன்’ என்றால் நிச்சயம் மட்டும். ஆனால் அதன்பின் உடலுறவு நடந்துவிட்டால் அதுவும் கல்யாணம்தான். இலக்கணத்துக்கு இவ்வளவு மரியாதை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. இங்கிலாந்தில் 1753ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. ஸ்காட்லாந்தில் அந்தச் சட்டம் செல்லாது என்பதால் காதலர்கள் எல்லை தாண்டி அங்கே கிரெட்னா கிரீன் என்ற ஊருக்கு ஓடினார்கள்.

கேள்வி: நிச்சயம் பண்ணி முறித்தால் அங்கே வழக்குப் போடலாமாமே? மோதிரம் யாருக்கு?

பதில்: முன்பு போடலாம் என்றுதான் இருந்தது. இங்கிலாந்தில் 1970ஆம் ஆண்டுச் சட்டம் அதை ஒழித்து, 1971 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. மோதிரத்தை அந்தச் சட்டம் முழு அன்பளிப்பாகவே கருதுகிறது. கல்யாணம் நடக்காவிட்டால் திருப்பித் தர வேண்டும் என்ற பேச்சில் கொடுத்ததாக நிரூபித்தால் மட்டும் வேறு.

கேள்வி: தங்கைக்கு நிச்சயதார்த்தம். பத்திரிகையில் என்கேஜ்மென்ட்டா, பெட்ரோத்தலா?

பதில்: இரண்டும் சரி. பெட்ரோத்தலில் கொஞ்சம் சர்ச் வாசனை இருக்கும். ஃபியான்ஸே போடுவதாக இருந்தால் மட்டும் ப்ரூஃப் பாருங்கள். ஆணுக்குக் கடைசியில் ஒரு ‘ஈ’ எழுத்து, பெண்ணுக்கு இரண்டு. எனக்கு வந்த ஒரு பத்திரிகையில் அச்சகத்தார் ஒரு ‘ஈ’யை மிச்சம் பிடித்திருந்தார்கள், இரண்டு மாப்பிள்ளைகள் ஆகிவிட்டது.