முதல் படத்தில் நடிக்காதீர்கள்

கேள்வி: எட்டு வருடமாகத் தொலைக்காட்சி நாடகங்களில் நடிக்கிறேன். சேர்த்து வைத்த 20,000 வெள்ளியைப் போட்டு, எங்கள் ரப்பர் தோட்டத்துக் கதையை நானே இயக்கி, நானே கதாநாயகனாக நடித்து ஒரு டெலிமூவி (தொலைக்காட்சிப் படம்) எடுக்கலாமா? மலாய் சினிமாவின் பி. ரம்லி அப்படித்தானே செய்தார்?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: இயக்குங்கள் தம்பி. நடிக்காதீர்கள்.

பி. ரம்லியை நீங்களே இழுத்துவிட்டீர்கள், அதனால் அவரிடமிருந்தே தொடங்குகிறேன். 1955-இல் 'பெனாரெக் பெச்சா'வை இயக்கி அதில் நடித்ததும் அவர்தான், உண்மை. ஆனால் அவர் சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸ் ஸ்டூடியோவுக்குள் நுழைந்தது 1948-இல். நடுவில் ஏழு வருடம், பி.எஸ். ராஜ்ஹான்ஸ், நம் தமிழர் எல். கிருஷ்ணன் போன்ற இயக்குநர்களிடம் வேலை செய்துகொண்டே, படம் எப்படிப் பிறக்கிறது என்பதைத் தினமும் பக்கத்தில் நின்று பார்த்தவர். உங்களுக்கும் எட்டு வருடம் இருக்கிறதே என்பீர்கள். சரி, உங்கள் காட்சி முடிந்த பிறகு எத்தனை நாள் செட்டிலேயே நின்றீர்கள்? எடிட்டிங் அறைக்குள் எத்தனை முறை போனீர்கள்?

அமெரிக்காவில் 'ஸ்டார் டிரெக்' தொடரில் நடித்த ஜோனதன் ஃப்ரேக்ஸ் இயக்க ஆசைப்பட்டபோது, முதலில் எடிட்டர்களோடு உட்கார்ந்து, மற்ற இயக்குநர்கள் பின்னால் அலைந்துதான் கற்றுக்கொண்டார். 1990-இல் முதல் அத்தியாயம் கிடைத்தது, அதில் அவருடைய பாத்திரத்துக்கு வேலை கொஞ்சம்தான். ஆறு வருடம் கழித்துத்தான் அவர் கைக்கு சினிமா வந்தது. நம் ரேவதியையே பாருங்கள், அவ்வளவு பெரிய நடிகை, 2002-இல் முதல் படம் இயக்கியபோது நாயகி வேடத்தை ஷோபனாவுக்குக் கொடுத்தார்.

காரணம் ரொம்ப எளிது. கேமரா முன்னால் நிற்கிறவரால் ஃபிரேமைப் பார்க்க முடியாது. ஒவ்வொரு டேக்குக்கும் ஓடிவந்து மானிட்டரில் திருப்பிப் போட்டுப் பார்க்க வேண்டும், அதற்குள் வெளிச்சம் மாறிவிடும். பெரட்டுக் காட்சி, அதாவது தோட்டத்தில் காலையில் ஆள்கணக்கு எடுக்கிற காட்சி, எடுக்க விடியற்காலைப் பனி வேண்டும் என்றால் அது கொஞ்ச நேரம்தான், வெயில் ஏறினால் போச்சு, மத்தியானம் மழை பிடித்தால் அந்த நாளே போச்சு. யூனிட்டுக்குச் சாப்பாடும் வேன் வாடகையும் மட்டும் நிற்காமல் ஓடும். 20,000 வெள்ளியில் இந்த ஓட்டத்தைத் தாங்க முடியாது.

நடிகராக உங்களிடம் இருக்கிற பெரிய சொத்து வேறு. ஒரு ஆள் வசனம் வராமல் திணறும்போது எங்கே மாட்டிக்கொண்டார் என்று கேமராக்காரருக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். தோட்டத்து லயத்து வீட்டில் வாழ்ந்த, இதுவரை நடித்தே பார்க்காத ஒரு பாட்டியைக் கேமரா முன் உட்காரவைத்துப் பயமில்லாமல் பேசவைக்க உங்களால் முடியும். தோட்டத்துக் கதைக்கு அதுதான் வேண்டும், ஏனென்றால் பால்வெட்டுக் கத்தியைப் பிடிக்கத் தெரியாத கையை நம் ஜனங்கள் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார்கள். எனக்கு அந்த மாதிரிக் காட்சிகளைப் பார்க்கும்போது இன்னும் மனம் வலிக்கிறது, நம் அம்மாக்கள் முப்பது வருடம் பிடித்த கத்தி அது.

ஆகவே பணத்தை இப்போதைக்குத் தொடாதீர்கள். நீங்கள் நடிக்கிற நாடகத்தின் எடிட்டரிடம் போய், சும்மா ஓரமாக உட்கார அனுமதி கேளுங்கள், மூன்று மாதம். அப்புறம் அதே தொடரில், உங்களுக்குக் காட்சி இல்லாத ஓர் அத்தியாயத்தை இயக்கத் தரச் சொல்லித் தயாரிப்பாளரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். டெலிமூவி கதையில் கதாநாயகன் வேடத்தை வேறொருவரை நினைத்துத் திருத்தி எழுதி எனக்கு அனுப்புங்கள், படித்துவிட்டுக் கட்டாயம் பதில் போடுகிறேன்.