மோரியும் பரணும் கவிதைக்குள் வரலாமா?

கேள்வி: தாராவியில் பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேராக வளர்ந்தேன். இன்று அந்தச் சந்தே இல்லை, அடுக்குமாடி வந்துவிட்டது. அந்த வீட்டைப் பற்றிக் கவிதை எழுத உட்கார்ந்தால் எல்லாம் வாழ்த்து அட்டை வாசகம் போல முடிகிறது. நான் எழுதியதைப் படித்த அக்கா, 'இப்படியெல்லாம் நடக்கவே இல்லை' என்கிறாள். அப்பாவின் கடன்களைப் பற்றி எழுதலாமா என்ற தயக்கமும் இருக்கிறது. — கல்யாணிலிருந்து ஒரு வாசகர்

பதில்: நீங்கள் அனுப்பிய கவிதைகளில் திண்ணை வருகிறது, வேப்பமரம் வருகிறது, களத்துமேட்டில் பொங்கல் பொங்குகிறது. இவை உங்கள் அப்பா விட்டுவிட்டு வந்த திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்தின் சாமான்கள். தாராவியில் பொங்கலன்று தொண்ணூறு அடி சாலையில் வரிசையாகப் பானை வைத்துப் பொங்கலிடுவார்கள். அதைப் பார்த்து வளர்ந்த நீங்கள் ஏன் களத்துமேட்டை இரவல் வாங்குகிறீர்கள்? மாட்டுங்காவில் நான் எடுக்கும் கவிதை வகுப்புக்கு வருகிறவர்களிடமும் இதைப் பார்க்கிறேன். தமிழ்க் கவிதை என்றால் கிராமத்து வீடு என்று யாரோ இவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். மோரி, பரண், செங்குத்தான இரும்பு ஏணி, பொதுக் கழிப்பறை வரிசை எல்லாம் தாராளமாக வரட்டும். 'மோரி' என்று எழுதி அடிக்குறிப்பும் போடாதீர்கள். அங்கே ஒருவர் குந்தி உட்கார்ந்து பாத்திரம் தேய்த்தால் மதுரை வாசகருக்கும் புரிந்துவிடும்.

உங்கள் கவிதை ஒன்று 'அம்மாவின் அன்பு நிறைந்த சின்னஞ்சிறு வீடு' என்று தொடங்குகிறது. அந்த வரி யார் வீட்டுக்கும் பொருந்தும். ஆனால் கடிதத்தில், போகிற போக்கில், விடிவதற்குமுன் குழாயில் தண்ணீர் பிடிக்க அம்மா உங்கள் எல்லோரையும் தாண்டிப் போவார் என்று எழுதியிருக்கிறீர்கள். கவிதை அங்கேதான் இருக்கிறது. உங்கள் சொற்களையே அடுக்கிப் பார்த்தேன்:

இருட்டில் எங்களைத் தாண்டிப் போவாள்
இடுப்பில் குடத்தோடு.
ஒருநாளும் யார்மேலும்
கால் பட்டதில்லை.

அன்பு என்ற சொல்லை எடுத்துவிட்டேன். அன்பு குறைந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

புறநானூற்றின் 243-ஆம் பாட்டை ஒருமுறை படியுங்கள். முதியவர் ஒருவர் தம் சிறுவயதை நினைக்கிறார்: மணலில் செய்த பாவைக்குப் பூச் சூட்டியது, மருத மரக் கிளையேறி ஆழமான மடுவில் துடுமெனக் குதித்தது, அடிமணலை அள்ளி வந்து காட்டியது. இப்போதோ பூண் போட்ட ஊன்றுகோல், இருமலுக்கு இடையே சில சொற்கள். இரக்கமாக இருக்கிறது என்று அவரும் வாய்விட்டுச் சொல்கிறார்தான். ஆனால் கையில் வந்த அந்த மணல்தான் அந்த இரக்கத்தை நம்ப வைக்கிறது. அவருடைய இயற்பெயர் நமக்குத் தெரியாது. அந்தக் கோலைச் சொன்ன தொடரைக் கொண்டே தொடித்தலை விழுத்தண்டினார் என்று அழைக்கிறோம்.

அக்காவின் மறுப்பு உங்களுக்குக் கிடைத்த வரம். ஒரு தாளில் அந்த அறையின் வரைபடத்தைப் போடுங்கள்: அடுப்பு எங்கே, யார் எங்கே படுத்தார்கள், கதவு எந்தப் பக்கம் திறந்தது. அக்காவைத் தனியாக இன்னொன்று போடச் சொல்லுங்கள். இரண்டும் ஒத்துப்போகாத இடத்திலிருந்து எழுதத் தொடங்குங்கள். 'அக்கா சொல்கிறாள், ஜன்னலே கிடையாது' என்று கவிதைக்குள்ளேயே அவளைப் பேசவிடலாம்.

நினைவு சுரக்காதபோது ஊருக்கே தெரிந்த ஒரு நாளைப் பிடித்துக்கொள்ளுங்கள். 2005 ஜூலை 26 அன்று மும்பை சாந்தாகுரூஸில் 944 மி.மீ. மழை பெய்த கணக்கு வானிலை ஆய்வு மையத்திடம் இருக்கிறது. உங்கள் வீட்டில் பரணுக்கு முதலில் ஏறியது ரேஷன் கார்டா, தொலைக்காட்சிப் பெட்டியா, பாட்டியா என்பதை உங்கள் வீட்டாரிடம்தான் கேட்க வேண்டும்.

அப்பாவின் கடன் பற்றி. எழுதுவதற்கு யாரிடமும் அனுமதி கேட்காதீர்கள். கேட்டால் எழுதவே மாட்டீர்கள். ஆனால் தீர்ப்புச் சொல்லும் நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்தால் கவிதை வழக்காகிவிடும். கடன்காரர் கதவைத் தட்டியபோது 'அப்பா வீட்டில் இல்லை' என்று சொல்ல அனுப்பப்பட்ட பிள்ளை நீங்கள்தானே? அந்தப் பொய்யில் உங்களுக்கும் பங்கு உண்டு. அதிலிருந்து எழுதுங்கள். அச்சுக்கு அனுப்புவது வேறு சங்கதி. அதற்குமுன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். தொகையைத் திருத்தினால் திருத்திக்கொள்ளுங்கள். வேண்டாம் என்றால் அந்த ஒரு கவிதையை மட்டும் நோட்டிலேயே வைத்திருங்கள். மற்றவற்றைப் பத்திரிகைக்கு அனுப்பத் தடையில்லை.