பங்குனியில் இலை உதிர்ந்தால் தோட்டம் பட்டுப்போகிறதா?

கேள்வி: மரக்காணம் பக்கம், வீட்டுக்குப் பின்னால் 20 சென்ட் செம்மண் நிலத்தில் வேம்பு, புங்கம், இலுப்பை, வீரை, மகிழம் எனக் கலந்து நட்டு ஆறு ஆண்டுகள் ஆகின்றன. மழைக்காலத்தில் குட்டிக் காடாகவே இருக்கிறது. பங்குனி வந்தால் பாதி மரம் மொட்டை, தரையெல்லாம் சருகு. பாம்பு அடையும், கூட்டிக் கொளுத்துங்கள் என்கிறார்கள் அக்கம்பக்கத்தில். மரத்தடியில் நடும் கன்றுகளும் கோடையில் கருகிவிடுகின்றன. என்ன செய்யலாம்?

பதில்: கொளுத்த மட்டும் வேண்டாம். உங்கள் மரங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. வேம்பும் புங்கமும் மாசி, பங்குனியில் பழைய இலையைக் கழித்துவிட்டு, ஒரு சொட்டு மழைகூட இல்லாத அதே நாட்களில் துளிர்விடும். இலுப்பை அப்போதுதான் பூக்கும். இது அவற்றின் வழக்கம். மொட்டையாகத் தெரிவது சில வாரங்கள்தான். அதுவும் வேண்டாம் என்றால் வீரை, காசான், உலக்கைப் பாலை ஆகியவற்றைக் கூடுதலாக நடுங்கள். கோடையிலும் இலை தங்கும் இந்தக் கரையோரத்து மரங்கள் அவை. வளர்ச்சி மெதுவாகத்தான் இருக்கும், பொறுமை வேண்டும். ஆனால் காசான் பூக்கும்போது கிளையை ஒட்டிக் கொத்துக்கொத்தாக நீலம் பூத்திருப்பதைப் பார்த்தால் காத்திருந்தது வீண் இல்லை என்பீர்கள்.

சருகுக்கு வருவோம். புங்க மரத்தடியில் ஓர் இடத்தில் கையால் விலக்கிப் பாருங்கள். மேலே மொறமொறவென்று காய்ந்த இலை. அதற்குக் கீழே நரம்பு மட்டும் மிஞ்சிய இலைகள், அவற்றைப் பின்னிக்கொண்டு வெள்ளை நூல் நூலாகப் பூஞ்சணம். இன்னும் கீழே போனால் கருத்த, உதிரியான மண். கூட்டிவிட்ட இடத்தில் அதே செம்மண் இறுகி, மழை பெய்தால் தண்ணீரை உள்ளே விடாமல் வழித்து அனுப்பிவிடும். கீழே நட்டவை கருகுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். வெயிலை மட்டும் பழி சொல்வதில் நியாயம் இல்லை.

பக்கத்தில்தான் புத்துப்பட்டு அய்யனார் கோயில் காடு இருக்கிறது. ஒருமுறை போய் மரத்தடியைக் கவனியுங்கள். யாரும் உரம் போடுவதில்லை, நீர் ஊற்றுவதில்லை. சருகு இருக்கிறது, காடு இருக்கிறது.

பாம்புப் பயத்தை நான் ஒதுக்கிவிட மாட்டேன். வீட்டைச் சுற்றிப் பத்தடி அகலமும், நீங்கள் நடக்கும் பாதையும் எப்போதும் சுத்தமாக இருக்கட்டும். அங்கே கூட்டும் இலையைத் தோட்டத்துக்குள் கொண்டுபோய்ப் பரப்புங்கள். சுவரோரம் அடுக்கிய செங்கல், விறகுக் குவியல், எலி வளை இவற்றை முதலில் அகற்றுங்கள். எலி இருக்கும் இடத்தைத் தேடித்தான் பாம்பு வரும். இருட்டிய பிறகு டார்ச் இல்லாமல் உள்ளே போகாதீர்கள். இன்னொன்று, சருகை மரத்தோடு ஒட்டிக் குவிக்கக் கூடாது, அடிமரத்தைச் சுற்றி ஒரு சாண் விட்டுவிடுங்கள். பட்டையில் கரையான் மண் ஏறியிருந்தால் மருந்தைத் தேடி ஓட வேண்டாம். கையால் தட்டிவிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் காய்ந்த மேல்பட்டையைத்தான் தின்றிருக்கும்.

நடும் காலத்தையும் மாற்றுங்கள். உங்கள் பகுதிக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். குழியைப் புரட்டாசியிலேயே எடுத்து வைத்து, முதல் நல்ல மழை மண்ணுக்குள் இறங்கியதும் நடுங்கள். அப்போது நட்ட கன்று கோடைக்குள் வேரை ஆழமாக விட்டிருக்கும். தை, மாசியில் நட்டால் அதற்கு அந்த அவகாசம் கிடையாது. முதல் இரண்டு கோடைக்கு மட்டும் தண்ணீர் தேவை. தினமும் ஒரு சொம்பு ஊற்றினால் வேர் மேலேயே நின்றுவிடும். வாரம் ஒருமுறை ஒரு குடம் நிறைய, நிதானமாக ஊற்றுங்கள். பெரிய மரங்களுக்கு வேண்டாம்.

வேப்பங்கொட்டையும் இலுப்பைக் கொட்டையும் ஆனி, ஆடியில் விழும். எடுத்து வைத்து மழைக்கு விதைக்கலாம் என்று நினைக்காதீர்கள். சில வாரங்களில் முளைப்புத்திறன் போய்விடும். விழுந்ததும் பையில் போட்டு நாற்றாக்கிவிடுங்கள்.

புரட்டாசியில் காய்ந்த கிளைகளைக் கழித்துவிடுவது கட்டாயம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையில் கரையைக் கடந்ததை உங்கள் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வெட்டிய கிளைகளைச் சிறிதாக நறுக்கி உள்ளேயே போடுங்கள்.

கார்த்திகையில் மண் ஈரமாக இருக்கும்போதே சீமைக்கருவேலம், உண்ணிச்செடி முளைத்திருந்தால் கையால் பிடுங்கிவிடுங்கள். தை தாண்டினால் கடப்பாரை வேண்டியிருக்கும். அந்தச் சமயம் வேலியோரம் செங்காந்தள் பூத்திருந்தால் அதை விட்டுவைக்கலாம். ஆனால் கிழங்கு முதல் விதை வரை எல்லாமே கடும் விஷம், குழந்தைகளுக்குச் சொல்லி வையுங்கள். கோடையில் கொடி காய்ந்து மறைந்துவிடும். கிழங்கு மண்ணுக்குள் இருக்கும் என்பதால் அந்த இடத்தில் குச்சி ஒன்றை நட்டு அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். தெரியாமல் மண்வெட்டி போட்டுவிடக் கூடாது.