பையன் .22 பிஸ்டலுக்கு மாறுகிறான். கண்ணாடியும் காதடைப்பானும் உண்மையிலேயே அவசியமா? அந்தத் துருக்கிக்காரர் எதுவும் போடாமலே பதக்கம் வாங்கினாரே?

கேள்வியோடு நீங்கள் தந்திருக்கும் விவரம் இது: பையனுக்குப் பதினான்கு வயது. ஒரு வருஷமாக ஏர் பிஸ்டல் சுடுகிறான், அடுத்த மாதம் .22, அதாவது சின்னத் தோட்டா போட்டுச் சுடும் பிஸ்டல். கோச் எழுதிக் கொடுத்த சீட்டில் ஷூட்டிங் கண்ணாடி, காதை வெளியே மூடும் இயர் மஃப், காதுக்குள் வைக்கும் இயர் பிளக் மூன்றும் இருக்கின்றன. பாரிஸ் ஒலிம்பிக்ஸில் ஒரு கையைப் பேன்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு வெள்ளி வாங்கியவரின் படத்தைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் கடைக்காரன் பிழைக்கத்தானே?" என்கிறீர்கள்.

கடைக்காரன் பிழைக்கட்டும், வாங்குங்கள். காரணம் சொல்கிறேன்.

டெல்லிக்கு வந்து எனக்கு இருபத்தாறு வருஷம் ஆகிறது. ராமகிருஷ்ணபுரத்தில் மலை மந்திர் முருகன் கோயில் பக்கம் வீடு. என் மகளும் உங்கள் பையன் போகிற வழியில் போனவள்தான்: 10 மீட்டர் ஏர் பிஸ்டல், பிறகு 25 மீட்டர் .22. பயிற்சிக்கு மேற்கு டெல்லியில் ஒரு சின்ன ரேஞ்ச், போட்டி என்றால் துக்ளகாபாத் கர்ணி சிங் ரேஞ்ச் என்று ஆறு வருஷம் அவளோடு அலைந்தேன். அதற்கும் முன்னால் கல்லூரி நாட்களில் நானே சுட்டிருக்கிறேன். என் இடது காது அதற்குச் சாட்சி.

முதலில் அந்தப் படம். யூசுஃப் டிகெச், 2024 ஜூலை 30, 10 மீட்டர் ஏர் பிஸ்டல் கலப்பு அணி. அதே போட்டியில் வெண்கலம் நம் மனு பாகருக்கும் சரப்ஜோத் சிங்குக்கும் என்பதால் எங்கள் வீட்டில் அன்றைக்கு டிவி முன்னாலிருந்து யாரும் நகரவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அவர் காதில் சின்னதாக மஞ்சள் பிளக் இருக்கிறது. கண்ணில் அவருடைய வழக்கமான கண்ணாடி இருக்கிறது. "எதுவும் போடாமல்" என்பது வாட்ஸ்அப்பில் வந்த சேர்க்கை.

அவரிடம் இல்லாதது வேறு. மற்றவர்கள் ஒரு கண்ணை மறைக்கத் தொங்கவிடும் சின்னத் தகடு, அதைப் பிளைண்டர் என்பார்கள். சுடுகிற கண்ணுக்கு முன்னால் கேமரா மாதிரி துளையைச் சுருக்கி விரிக்கும் ஐரிஸ். இவை குறி தெளிவாகத் தெரிவதற்கு. பிஸ்டலின் முன்குறியும் கண்ணுக்குத் தெளிய வேண்டும், தூரத்துக் கறுப்பு வட்டமும் ஓரளவு தெரிய வேண்டும், அதற்குத்தான் இத்தனை வேலைப்பாடு. அவர் இரண்டு கண்ணையும் திறந்து வைத்தே சுடுகிறவர், அதனால் வேண்டாம் என்று விட்டுவிட்டார். அது அவருக்கு ஐந்தாவது ஒலிம்பிக்ஸ், விடலாம். உங்கள் பையனும் பிளைண்டர் இல்லாமல் பழகட்டும், ஒன்றும் குடிமுழுகாது. ஆனால் கோச் சீட்டில் எழுதியிருப்பது குறிபார்க்கிற சாமான் அல்ல, உடம்பைக் காக்கிற சாமான்.

இன்னொன்று, அவர் சுட்டது காற்றுத் துப்பாக்கி. அதில் வெடிமருந்தே கிடையாது, அழுத்தி வைத்த காற்று பெல்லட் என்கிற குட்டி ஈயக் குண்டைத் தள்ளுகிறது. 'டப்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். காதில் பிளக் வைப்பது பெரும்பாலும் கூட்டத்தின் இரைச்சல் மனதைக் கலைக்காமல் இருக்க. .22-இல் மருந்து வெடிக்கிறது. இரண்டையும் பிஸ்டல் என்று ஒரே பேரில் சொல்வதால் வருகிற குழப்பம் இது.

எவ்வளவு சத்தம் என்று கேட்டால், தீபாவளியை வைத்துச் சொல்கிறேன். நம் நாட்டுச் சட்டப்படி ஒரு பட்டாசு வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தள்ளி அளந்தால் உச்ச ஒலி 145 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது. 4 மீட்டர் என்பது ஒரு அறையின் நீளத்தைவிடக் கூடுதல். .22 ரைஃபிள் சுடுகிறவரின் காதருகில் அளந்தாலே 140-ஐ ஒட்டி வரும். பிஸ்டலில் குழல் குட்டை, வெடிப்பு முகத்துக்குப் பக்கத்தில் நடக்கிறது, 150 பக்கம் ஏறும். 12 போர் ஷாட்கன் அதற்கும் மேலே. 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு, இதை மனதில் வைத்து அந்த எண்களைத் திரும்பப் படியுங்கள். இப்படிச் சட்டென்று வெடிக்கும் ஒலிக்கு உலக சுகாதார நிறுவனம் சொன்ன வரம்பு பெரியவர்களுக்கு 140, குழந்தைகளுக்கு 120. உங்கள் பையன் இரண்டாவது கணக்கு.

"காது தானாகப் பழகிக்கொள்ளும்" என்று ரேஞ்சில் யாராவது பெரியவர் சொல்வார். காதுக்குள் ஒரு தற்காப்பு இருப்பது உண்மை. பெரிய சத்தம் வந்தால் நடுக்காதில் ஒரு குட்டித் தசை இறுகி, உள்ளே போகும் ஒலியைக் குறைக்கும். ஆனால் அது இறுக நொடியில் பத்தில் ஒரு பங்கு வரை ஆகலாம். வேட்டு நொடியில் ஆயிரத்தில் சில பங்குக்குள் முடிந்துவிடும். திருடன் போன பிறகு கதவைச் சாத்துகிற கதை. உள்காதில் இருக்கும் மயிர்ச் செல்கள் ஒரு காதுக்குச் சுமார் பதினைந்தாயிரம், செத்தால் மறுபடி முளைக்காது. பழகிவிட்டது என்று அவர் சொல்வதன் அர்த்தம், கேட்பது குறைந்துவிட்டது என்பதுதான்.

இப்போது என் கதை. கல்லூரி என்.சி.சி.யில் காக்கிச் சட்டை போட்டு .303 ரைஃபிள் சுட்ட மூன்று வருஷம். காதில் பஞ்சு. அதையும் பாதி நாள் பிய்த்து எறிந்துவிடுவோம், பஞ்சு வைக்கிறவன் பயந்தாங்கொள்ளி என்று எங்களுக்குள் ஒரு வீறாப்பு. (பஞ்சு வைத்திருந்தாலும் பெரிதாகத் தடுத்திருக்காது, அது பேருக்குத்தான்.) படுத்துக்கொண்டு ஐந்து ரவுண்டு சுட்டு எழுந்தால் காதில் 'கொய்ங்' என்று ஒரு ரீங்காரம். சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போதும் இருக்கும், ராத்திரி படுக்கும்போதும் இருக்கும், காலையில் போய்விடும். போய்விட்டதால் சரியாகிவிட்டது என்று நினைத்தோம். காது கொடுத்த நோட்டீஸ் அது என்று எங்களுக்குச் சொல்ல ஆளில்லை.

இருபது வருஷம் கழித்து ஒரு ஜனவரி ராத்திரி. மகளுக்குக் காய்ச்சல். அக்குளில் டிஜிட்டல் தர்மாமீட்டரை வைத்துவிட்டு நான் பக்கத்திலேயே, வலது காது தலையணையில் படும்படி படுத்திருந்தேன். வீட்டுக்காரி சமையலறையிலிருந்து வந்து, "ஏங்க, அது எவ்வளவு நேரமா கத்திட்டிருக்கு, எடுக்காம படுத்திருக்கீங்களே?" என்றாள். எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. திரும்பி இடது காதைத் தலையணையில் வைத்தேன். பீப், பீப், பீப்.

கரோல் பாகில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டர், திருநெல்வேலிக்காரர். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து ஹெட்போன் மாட்டி, கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வெளியே வந்த தாளில் வலது காதின் கோடு ஒழுங்காகப் போகிறது. இடது காதின் கோடு 4000 ஹெர்ட்ஸில், அதாவது கீச்சென்ற ஓசைகள் இருக்கும் இடத்தில், கிணற்றுக்குள் விழுந்த மாதிரி இறங்கி மறுபடி ஏறுகிறது. டாக்டர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. "சார் ரைஃபிள் சுட்டிருக்கீங்களா? வலது கைப் பழக்கமோ?" என்றார். ஜோசியம் மாதிரி இருந்தது. விளக்கம் எளிமையானதுதான். வலது தோளில் ரைஃபிளை வைத்தால் தலை சாய்ந்து வலது காது தோள் பக்கம் ஒதுங்கிவிடும், தலையே அதற்கு மறைப்பு. இடது காது குழலின் வாயை நேராகப் பார்த்து நிற்கும். தர்மாமீட்டரின் 'பீப்' கிட்டத்தட்ட அந்த 4000 பக்கம்தான் வருகிறது.

அந்த நஷ்டம் எப்படிப்பட்டது என்றால், மலை மந்திரில் மயில் அகவுவது எனக்கு நன்றாகக் கேட்கும். மழை நின்ற ராத்திரியில் சில்வண்டு கேட்காது. மகள் இடது பக்கமாக வந்து "சாவி எங்கப்பா?" என்றால் "ஆவியா?" என்பேன், 'ச' மாதிரி மெல்லிய ஓசைகள்தான் முதலில் போகும். வீட்டில் இது நிரந்தர ஜோக். அந்தக் 'கொய்ங்' இப்போது காலையில் போவதில்லை. இதை எழுதும்போதும் இருக்கிறது.

கண்ணுக்கு வருகிறேன். தோட்டா கண்ணில் படும் என்று யாரும் கண்ணாடி போடுவதில்லை. தெறிப்பதற்காகப் போடுகிறோம். கெட்டியான எதிலாவது பட்டுத் திரும்பும் ஈயத் துணுக்கு, பின்பக்கம் கசியும் சூடான வாயு, பறக்கும் களிமண் தட்டை ஷாட்கன்னால் சுடும் ட்ராப் ரேஞ்சில் மேலிருந்து உதிரும் தட்டுச் சில்லு. ஏர் துப்பாக்கிக்கும் இது பொருந்தும். சத்தத்தில்தான் அது சாது, தெறிப்பில் அல்ல. மெரினாவில் பலூன் சுடுகிற இடத்தில் பலகைக்கு மிக அருகில் குழந்தையை நிறுத்திச் சுடவைக்கிற அப்பாக்களைப் பார்த்தால் எனக்கு இன்றும் வயிறு கலங்கும்.

.22-இல் கூடுதலாக ஒன்று உண்டு. ஒவ்வொரு முறையும் காலித் தோட்டா துப்பாக்கியின் வலது பக்கம் துள்ளி வெளியே விழும். எங்கள் காக்கிக் காலத்தில் அதைக் 'கோக்கா' என்போம். பித்தளை, நல்ல சூடு. மகள் .22 தொடங்கி இரண்டாவது வாரம், ஒரு கோக்கா பக்கத்துத் தடுப்பில் பட்டுத் திரும்பி அவள் கண்ணாடியின் வலது வில்லையில் 'டிக்' என்று அடித்து, சட்டைக் காலருக்குள் விழுந்தது. அவள் செய்ததைப் பின்னால் நின்று பார்த்தேன். பிஸ்டலை இலக்கை நோக்கியபடியே மெல்ல இறக்கினாள். விசையிலிருந்து விரலை எடுத்தாள், பிஸ்டலை மேஜையில் வைத்தாள், கையை விட்டாள். அதற்குப் பிறகுதான் "ஐயோ அம்மா" என்று குதித்துச் சட்டையை உதறினாள். ஹரியானாக்காரக் கோச் ஒரு மாதம் இதைத்தான் கற்றுக்கொடுத்திருந்தார். கோக்காவின் சூடு தாங்காமல் துப்பாக்கி பிடித்த கையோடு கழுத்தைத் தட்டப் போனால் குழல் யாரைப் பார்த்துத் திரும்பும்? கண்ணில் பட்டிருந்தால் அந்த நிதானம் யாருக்கும் வராது. அவள் கண்ணாடி அவளுக்காக மட்டும் அல்ல, பக்கத்து லேன் பிள்ளைக்காகவும்தான். வில்லையில் விழுந்த பிறை மாதிரியான கீறல் இன்னும் இருக்கிறது.

அதனால் பாலிகார்பனேட் வில்லையாகப் பார்த்து வாங்குங்கள், பக்கவாட்டையும் மூடுவதாக இருக்கட்டும். காம்பில் Z87+ அல்லது EN 166 என்று தரக் குறி பொறித்திருக்கும். ஜன்பத் நடைபாதைக் கூலிங் கிளாஸ் இதற்கு ஆகாது, அடி பட்டால் அதுவே உடைந்து கண்ணுக்குள் போகும். பையனுக்குப் பவர் உண்டென்றால் அதே பவரில் பாலிகார்பனேட் வில்லை செய்துகொள்ளலாம். நெற்றிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் கோக்கா சிக்காமல் இருக்க விளிம்பு வைத்த தொப்பி போதும். நிறம் அவரவர் விருப்பம். டெல்லி நவம்பர் புகைமூட்டத்தில் ட்ராப் சுடுகிறவர்கள் மஞ்சளோ ஆரஞ்சோ போடுவதைப் பார்த்திருக்கிறேன், உள்ளரங்கில் நிறமில்லாததே நல்லது.

காதுக்கு, .22 பிஸ்டல் அதுவும் தகரக் கூரை போட்ட மூடிய ரேஞ்ச் என்றால் நான் பிளக், மஃப் இரண்டையும் போடச் சொல்வேன். எத்தனை டெசிபல் குறைக்கும் என்று அட்டையில் ஒரு எண் போட்டிருக்கும், இரண்டின் எண்ணையும் கூட்டிவிடாதீர்கள். 30-உம் 25-உம் சேர்ந்து 55 ஆகாது, பெரிய எண்ணோடு ஐந்தாறு கூடும், அவ்வளவுதான். மண்டையோட்டு எலும்பு வழியாகவே ஒலி உள்ளே போகும், அதைத் தடுக்க முடியாது. அந்த எண்ணும் ஆய்வுக்கூட எண், நம் ஊர்ப் பிள்ளைகள் பிளக் வைக்கிற அழகில் பாதி கிடைத்தால் பெரிது. பாதி வெளியே தொங்கும். ஃபோமை விரலில் ஒல்லியாக உருட்டி, எதிர்க் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலே இழுக்க வேண்டும். தோப்புக்கரணத்தில் பிடிக்கிற அதே எதிர்க்கை, பின்பக்கமாக. உள்ளே விட்டு, உப்பும்வரை அரை நிமிஷம் விரலை எடுக்காதீர்கள். சரியாக உட்கார்ந்தால் உங்கள் குரலே தொட்டிக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி கேட்கும்.

மஃப்புக்குக் கீழே தடித்த கண்ணாடிக் காம்பு போனால் அந்த இடுக்கு வழியாகச் சத்தம் நுழையும், மெல்லிய காம்பாக எடுங்கள். பேச்சைக் கேட்கவைத்து வேட்டுச் சத்தத்தை மட்டும் அடக்கும் எலக்ட்ரானிக் மஃப் பயிற்சிக்குச் சுகம்தான், ஆனால் சர்வதேச விதிப்படி நடக்கும் போட்டியில் அதைப் போட விடமாட்டார்கள். முதலிலேயே அதில் காசைப் போடாதீர்கள். மே மாத வெயிலில் மஃப்புக்குள் வேர்த்து ஊற்றும், பையன் தன் ரவுண்டு முடிந்ததும் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொள்வான். பக்கத்து லேன் சுட்டுக்கொண்டிருக்கும்! கடைசி ஆள் துப்பாக்கியைக் கீழே வைக்கும்வரை கழற்றக் கூடாது என்று சொல்லிவையுங்கள். வீட்டுக்கு வந்ததும் முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவட்டும், தோட்டாவின் ஈயம் ஒட்டியிருக்கும்.

கடைசியாக, ரேஞ்சில் பின்னால் போட்டிருக்கும் பிளாஸ்டிக் நாற்காலிகள். எல்லா அப்பா அம்மாவும் அங்கே வெறும் காதோடு உட்கார்ந்து போன் பார்ப்பார்கள். முதல் வாரம் நானும் அப்படித்தான் உட்கார்ந்தேன், ஏற்கெனவே ஒரு காது போனவன். மகள்தான் வந்து கையில் திணித்தாள். ஃபோம் பிளக் ஜோடி சில பத்து ரூபாய்தான். பையனுக்கு ஒரு டப்பா வாங்கும்போது உங்களுக்கும் ஒன்று சேர்த்து வாங்கிவிடுங்கள். கூட வரும் குட்டித் தம்பி தங்கை யாராவது இருந்தால், பிளக் சின்னக் காதில் நிற்காது, மஃப்பாகவே வாங்குங்கள்.