கர்ப்பத்தில் தலைக்கு சீற்றி (CT) ஸ்கேன் எடுத்தால் பிள்ளைக்கு ஆபத்தா?

மனைவிக்கு ஏழு மாதம், விடாத தலையிடி, கண் மங்குது, ஸ்கேன் எழுதியிருக்கிறார்கள், மாமி மறிக்கிறா. இதுதானே உங்கள் கேள்வி? எடுங்கள்.

ஆனால் முதலில் பிரசர் பார்த்தாச்சா? 20 கிழமைக்குப் பிறகு வரும் தலையிடிக்கு முதல் சந்தேகம் அதுதான். 140/90க்கு மேல், சிறுநீரில் புரதமும் என்றால், ஸ்கேனுக்குக் காத்திருக்காமல் வைத்தியம் தொடங்க வேணும். இடிவிழுந்தமாதிரி வந்த தலையிடி, வலிப்பு, ஒருபக்கம் கைகால் சோர்வு என்றால் மூளையில் இரத்தக் கசிவோ, மூளை நாளத்தில் இரத்தக்கட்டியோ இருக்கலாம். கர்ப்பத்தில் இரத்தம் உறையும் தன்மை கூடும். பிரசவித்து ஆறு கிழமை வரைக்கும் அந்தப் பயம் உண்டு.

சீற்றியில் கதிர் படுவது தலையில். உடம்புக்குள்ளால் சிதறிக் கருவுக்குப் போவது 0.01 மில்லிகிரேக்கும் (உடம்பு வாங்கும் கதிரை அளக்கும் அலகு) குறைவு. பத்து மாதமும் மண்ணிலும் வானத்திலும் இருந்து இயல்பாக வருவதே 0.5 முதல் 1 மில்லிகிரே. (திருகோணமலைப் பக்கம் புல்மோட்டை மணலில் மொனசைட் என்ற கனிமம் இருக்கு, அதில் கதிர் வீசும் தோரியம் இருக்கு, அங்கே கர்ப்பிணிகள் ஊரைவிட்டு ஓடவில்லை.) கருவுக்குக் கவலைப்பட வேண்டிய அளவு 50 மில்லிகிரேக்கு மேல். "கதிர் கதிர்தானே" என்று சண்டைக்கு வருபவர்கள் இந்த எண்களைப் பார்த்துவிட்டு வரவும். வயிற்றில் ஈயக் கவசம் போடவில்லை என்றும் கோபிக்க வேண்டாம். உள்ளால் சிதறி வருவதை அது மறிக்காது.

நேரமிருந்தால் எம்ஆர்ஐ (காந்தத்தால் எடுக்கும் ஸ்கேன்) நல்லது, கதிரே இல்லை. படம் தெளிவாக விழப் போடும் கடோலினியம் ஊசிதான் வேண்டாம்: நச்சுக்கொடி கடந்து போய், பிள்ளை சிறுநீராகக் கழித்து, பனிக்குட நீரோடு திரும்ப விழுங்கும். நாளக்கட்டி பார்க்க அந்த ஊசி இல்லாமலே எடுக்கலாம். மல்லாந்து படுத்தால் வயிறு பெருநாளத்தை அழுத்தி மயக்கம் வரும். வலது இடுப்புக்குக் கீழே தலையணை வைத்து இடப்பக்கம் சரிக்கச் சொல்லுங்கள். மெசின் சத்தத்துக்குக் காதடைப்பான் கேட்டு வாங்குங்கள். தாலிக்கொடியில் கோத்த ஊசி, பர்தாவில் குத்திய ஊசி, கொண்டை ஊசி எல்லாம் வீட்டிலேயே கழற்றுங்கள். தங்கத்தைக் காந்தம் இழுக்காது, ஊசியை இழுக்கும்.

கர்ப்பம் என்றதும் "கடிதம் கொண்டுவாங்க" என்று திருப்பி அனுப்பும் பழக்கம் ஒன்று இருக்கிறதே, அதுதான் எரிச்சல். மூதூரிலிருந்து வந்தவருக்கு அது ஒரு முழுநாள். அதனால் விண்ணப்பத்தில் எத்தனை கிழமை, பிரசர் எவ்வளவு, என்ன சந்தேகம் என்று டொக்டரைக் கொண்டு எழுதுவித்து, கிளினிக் அட்டையையும் கொண்டு போங்கள்.