மாந்தோப்ப விக்கறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்ணா

ஊத்தங்கரை பக்கத்துல மாந்தோப்பு வச்சிருக்கற ஒரு அண்ணா போன வாரம் பொண்ணையும் கூட்டிட்டு, மேல என்ன படிக்க வைக்கலாம்னு என்கிட்ட கேக்க வந்தாரு. பாப்பா ப்ளஸ் டூ பயாலஜி, நீட் மார்க் கவர்மென்ட் சீட்டுக்கு எட்டல. கிட்னி மாத்தற சர்ஜனாகி உறுப்பு தானத்துல ஆராய்ச்சி பண்ணணும்னு சொல்லுது. பெங்களூர்ல இருக்கற மச்சான், தோப்ப வித்தாவது பிரைவேட்ல எம்பிபிஎஸ் சேத்துடுங்கன்னு ஒத்தக் கால்ல நிக்கறாராம். அண்ணாவுக்கு தூக்கமே இல்ல.

எல்லாம் நல்லபடியா நடக்கும்ணான்னு சொல்லி அனுப்ப எனக்கு மனசு வரல. நிகர்நிலை பல்கலைக்கழகம்னா நிறைய எடத்துல வருஷத்துக்கு 20 லட்சத்துக்கு மேல ஃபீஸு. எம்பிபிஎஸ் அஞ்சரை வருஷம், அதுக்கு மேல சர்ஜரி படிக்க எம்எஸ் 3, கிட்னி சர்ஜரிக்கு எம்சிஎச் யூராலஜி 3, ஒவ்வொன்னுக்கும் தனி நுழைவுத்தேர்வு, ஒரு தடவகூட தவறாம பாஸானாலும் முப்பது வயசு நெருங்கிடும். ஆராய்ச்சியெல்லாம் அதுக்கப்புறந்தான். இதுக்காக தோப்ப விக்காதீங்க, கண்டிப்பா சொல்றேன். செலவுல பங்கு போடாத சொந்தக்காரங்க கோர்ஸ் முடிவு பண்ணக்கூடாது.

சரி, பாப்பாவுக்கு நெசமாவே என்ன புடிச்சிருக்குன்னு பேச்சு குடுத்தேன். பெரியப்பாவுக்கு டயாலிசிஸ், இதுதான் தொணைக்கு போகுதாம். அப்ப அது கேட்டுச்சு: "தொப்பூர் கணவாய்ல அடிபட்டு மூளைச்சாவு ஆனா, சில வீட்ல உறுப்பு குடுக்க சரிங்கறாங்க, சில வீட்ல முடியாதுங்கறாங்க, அது ஏன் சார்?" (மூளைச்சாவுன்னா மூளை மொத்தமா செத்துடும், திரும்பி வராது, மிஷின் மூச்சுல நெஞ்சு மட்டும் கொஞ்ச நேரம் துடிக்கும்.)

இது ஆபரேஷன் தியேட்டர்ல பதில் கெடைக்கற கேள்வி இல்லண்ணா. 1954லயே அமெரிக்காவுல பாஸ்டன்ல ஜோசப் மரேங்கற டாக்டர் இரட்டையர்ல ஒருத்தரோட கிட்னிய இன்னொருத்தருக்கு வச்சு காட்டிட்டாரு, 1990ல நோபலும் வாங்கினாரு. நம்ம வேலூர் சிஎம்சில 1971லயே பண்ணிட்டாங்க. கிட்னி கெடைக்கறதுதான் இன்னைக்கும் பிரச்சினை. ஸ்பெயின் நாட்டுல 1989ல ரஃபேல் மத்தேசான்ங்கற கிட்னி டாக்டர் தலைமையில ஒரு அமைப்ப ஆரம்பிச்சு, ஆஸ்பத்திரிகள்ல இதுக்குன்னே ஒருங்கிணைப்பாளர்கள போட்டாங்க, அங்க பெரும்பாலும் டாக்டர்ங்கதான், உறுப்பு தானத்துல அந்த நாடு உலகத்துலயே முன்னாடி வந்துச்சு.

அந்த வேலைதான் டிரான்ஸ்பிளான்ட் கோஆர்டினேட்டர். நம்ம ஊர்ல யாரும் இத பத்தி பேசறதே இல்ல. ஆனா 2011ல திருத்தின உறுப்பு மாற்று சட்டப்படி கோஆர்டினேட்டர் இல்லாத ஆஸ்பத்திரிக்கு உறுப்பு மாற்று பதிவே கெடையாது. நர்சிங் படிச்சவங்க வரலாம், வேற டிகிரி முடிச்சு எம்எஸ்டபிள்யூ (சமூகப்பணி மேல்படிப்பு), சைக்காலஜி மாதிரி படிச்சவங்களும் வரலாம், டாக்டரா இருக்கணும்னு இல்ல.

வேலை என்னன்னு கேளுங்க. ஐசியுல ஒரு பையன், தலையில அடி. நாலு டாக்டர் குழு மூளைச்சாவுன்னு உறுதி பண்ணணும், கொறஞ்சது 6 மணி நேர இடைவெளில ரெண்டு தடவ டெஸ்ட். வெளிய அம்மா, நெஞ்சு துடிக்குதே எப்படி செத்தான்னு சொல்றீங்கன்னு கத்துவாங்க. அவங்க பக்கத்துல உக்காந்து, கேட்டதையே திருப்பித் திருப்பி கேட்டாலும் பொறுமையா பதில் சொல்லி, அவசரப்படுத்தாம, காசு பேச்சுக்கு எடமே குடுக்காம, சரின்னாலும் வேணாம்னாலும் மதிக்கணும். சம்மதம் வந்தா போலீஸ் பேப்பர், போஸ்ட்மார்ட்டம், சென்னை உறுப்பு மாற்று ஆணையத்துக்கு தகவல், ஐஸ் பெட்டில கிட்னி கெளம்பற நேரம்னு எல்லாம் இவங்க தலைலதான். கடைசில ஒடம்ப மரியாதையா குடும்பத்துகிட்ட ஒப்படைக்கணும். 2023 செப்டம்பர்ல இருந்து தானம் பண்ணவங்களுக்கு அரசு மரியாதையும் உண்டு.

அந்த "ஏன்" கேள்விய இங்க தெனம் நேர்ல பாத்துட்டே பிஎச்டி வரைக்கும் போகலாம். சென்னைல உறுப்பு தானத்துக்காக வேலை பாக்கற மோகன் ஃபவுண்டேஷன்ங்கற தொண்டு நிறுவனம் கோஆர்டினேட்டர் ட்ரெயினிங் தராங்க. மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க்ல மருத்துவ சமூகப்பணி இருக்கு. சேலத்துல கவர்மென்ட் நர்சிங் காலேஜ், ப்ளஸ் டூ மார்க்தான், நீட் கேக்கறதில்ல.

ஒன்னு மறைக்காம சொல்லிட்டேன், ஆரம்ப சம்பளம் டாக்டர் சம்பளம் மாதிரி இருக்காது, நடுராத்திரி போன் வரும், சாவு வீட்டு அழுகைய தாங்கற மனசு வேணும். அண்ணா மொகம் வாடிச்சு, பாப்பா நோட்டுல எழுதிட்டே இருந்துச்சு. இத புடிச்சிருக்குன்னு அதுவே சொன்னா மட்டும் சேருங்க. இந்த வாரமே இ-சேவைல சாதி, வருமான சர்டிஃபிகேட் எடுத்து வைங்கண்ணா, கவுன்சிலிங் நேரத்துல சர்வர் நின்னுடும்.